ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை நாள் ரயில்: பல்கலைக்கழக ஹாக்கியின் விரிவாக்கம் யாருக்காக?

போட்டியில் அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது விரிவாக்கம் ஆகாது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் ஆட்டங்களைக் கூட்டுவதே விரிவாக்கம். இந்த வேறுபாட்டைப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஹாக்கிப் போட்டி இன்றுவரை கணக்கில் கொள்ளவில்லை. ஆண்டுதோறும் புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றுகின்றன. நுழைவுப் பட்டியல் நீள்கிறது. அட்டவணைத் தாளில் கட்டங்கள் பெருகுகின்றன. முதல் சுற்றில் தோற்கும் மாணவருக்கோ அன்றும் ஓர் ஆட்டம்தான், இன்றும் ஓர் ஆட்டம்தான்.

கிழக்கு மண்டலப் போட்டி ஒடிசாவில் நடக்கிறது என்றும், மேல் அசாமிலிருந்து ஓர் அணி புறப்படுகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள், மேலாளர், பயிற்சியாளர் என 20 பேர். திப்ருகரில் ரயில் ஏறினால் புவனேஸ்வரத்தில் இறங்க ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். படுக்கை உறுதியாகாதவர்கள் உறுதியானவர்களின் கால்மாட்டில் ஒடுங்கி வருவார்கள். விடுதிக் கூடத்தில் பாய் விரித்து ஓர் இரவு. மறுநாள் காலை, 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். மூன்றுக்கு ஒன்று என்று தோல்வி. மாலையில் மீண்டும் ரயில் நிலையம். போகவர மூன்று நாள் பயணம், ஒரு மணி நேர ஆட்டம். அணியின் இரண்டாம் கோல்கீப்பர் ஒருமுறைகூடப் பேடு கட்டாமல் ஊர் திரும்புவார்.

அந்த அணி தோற்றது குறையன்று. ஆட்டம் என்றால் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். தோல்வியில் கற்றதை மறுநாள் சோதித்துப் பார்க்க இன்னோர் ஆட்டம் இல்லை என்பதுதான் குறை. ஆண்டு இறுதியில் ஒரே தேர்வு, அதில் தவறினால் அவ்வளவுதான் என்ற முறை மாணவரின் திறனை அளக்காது என்று இந்தியக் கல்வியாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்தின் பயனாகவே பருவமுறையும் அகமதிப்பீடும் வந்தன. அதே பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டுத் திடலில் மட்டும் ஒரே தேர்வு முறையை எந்தக் கேள்வியும் இன்றித் தொடர்கின்றன. வகுப்பறைக்கு ஒரு கல்விக் கொள்கை, திடலுக்கு வேறொன்று என்ற இந்த இரட்டை நிலையை எந்தக் கல்விக்குழுவும் விவாதித்ததாகத் தெரியவில்லை.

போட்டியின் அமைப்பு எளிது. 1925-இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியமாகத் தோன்றி, பின்னர் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் எனப் பெயர் மாறிய அமைப்பின் கீழ் நாடு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் முதலில் வரும் நான்கு அணிகள் அகில இந்தியச் சுற்றுக்குச் செல்கின்றன. அங்கே 16 அணிகள். அவற்றுள் முன்னணியில் நிற்பவையே கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்குத் தகுதி பெறுகின்றன. நாடு விடுதலை பெற்றபோது பல்கலைக்கழகங்கள் சுமார் 20. ஒன்றிய அரசின் 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி பல்கலைக்கழக நிலையில் உள்ள நிறுவனங்கள் 1,168. இவை அனைத்தும் ஹாக்கி அணி அனுப்புவதில்லை. ஆயினும் இருபதுக்கு ஏற்ற சட்டைக்குள் ஆயிரத்தைத் திணிக்கும் முயற்சி எங்கே கிழியும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மண்டலச் சுற்றில்தான் கிழிகிறது.

கணக்கைப் பார்க்கலாம். வசதிக்காக ஒரு மண்டலத்தில் 64 அணிகள் என்று கொள்வோம். வழக்கமான முறை, கடைசி நான்கு அணிகள் தேறும்வரை நாக் அவுட். பிறகு அந்த நான்குக்குள் லீக். 64 அணிகளை 4 ஆக்க 60 ஆட்டங்கள் தேவை, லீக்குக்கு 6, மொத்தம் 66. இவற்றில் 32 அணிகளுக்கு ஒரே ஆட்டம். மேலும் 16 அணிகளுக்கு இரண்டு. ஆக, வந்த 64 அணிகளில் 48 அணிகள் இரண்டு ஆட்டங்களுக்குள் மூட்டை கட்டுகின்றன. முதல் நான்கு அணிகளோ ஆளுக்கு ஏழு ஆட்டங்கள் ஆடுகின்றன. ஏற்கெனவே டர்ஃபும் பயிற்சியாளரும் உள்ள அணிக்கு ஏழு. எதுவும் இல்லாத அணிக்கு ஒன்று. அனுபவத்தை இல்லாதவரிடமிருந்து பிடுங்கி உள்ளவருக்குச் சேர்க்கும் ஏற்பாடு இது. அணிகள் 128 ஆனால் இந்த அநீதி அப்படியே இரட்டிக்கும். ஒரே ஆட்டத்துடன் திரும்பும் அணிகள் 64 ஆகும். விரிவாக்கம் என்ற பெயரில் பெருகுவது வெளியேற்றம் மட்டுமே.

இதை எதிர்த்து ஏன் குரல் எழுவதில்லை? விடை சான்றிதழில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தம் பல்கலைக்கழகத்தைப் பிரதிநிதித்துவம் செய்தவர் ஒன்றிய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தகுதியுடையவர்களுள் ஒருவர். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய வாசல். அதை எள்ளி நகையாடுவது படித்தவரின் திமிர். ஆனால் அதன் பக்கவிளைவையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஆட்டம் ஆடினாலும் பிரதிநிதித்துவம் பிரதிநிதித்துவம்தான், சான்றிதழ் சான்றிதழ்தான். ஆகவே மாணவர் முணுமுணுப்பதில்லை. பயணப்படி தந்துவிட்டதால் நிர்வாகம் கடமை முடிந்ததாக நினைக்கிறது. போட்டி நடந்தேறியதால் நடத்திய பல்கலைக்கழகம் நிறைவடைகிறது. ஆட்டம் நடந்ததா என்று கேட்க மட்டும் அங்கே ஆளில்லை. சான்றிதழ் வழங்குவதற்கான சடங்காக ஒரு போட்டி சுருங்கிவிட்டால், அதன் வடிவத்தைப் பற்றிக் கவலைப்பட எவருக்கும் காரணம் இருக்காது.

பல்கலைக்கழக ஹாக்கி என்றுமே இப்படி இருந்ததன்று. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா தன் முதல் ஹாக்கித் தங்கத்தை வென்றபோது அணித்தலைவராக இருந்த ஜெய்பால் சிங் முண்டா, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து அங்கே ஹாக்கிக்காகச் சிறப்புப் பெற்றவர். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற அணியின் தலைவர் அஜித் பால் சிங், ஜலந்தரின் லயால்பூர் கால்சா கல்லூரியில் படித்தவர். 1980 மாஸ்கோ தங்கத்தில் பங்குகொண்ட ஜாபர் இக்பால், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மாணவர். கல்லூரித் திடல் அன்று இந்திய ஹாக்கியின் நாற்றங்கால். இன்று அந்தப் பணியைத் தனிப் பயிற்சியகங்களும் அரசு விளையாட்டு விடுதிகளும் செய்கின்றன. பல்கலைக்கழகங்கள் அங்கே உருவானவர்களைச் சேர்த்துக்கொண்டு கோப்பை வாங்குகின்றன. நாற்று வளர்ப்பதை நிறுத்திவிட்டு அறுவடையில் மட்டும் பங்கு கேட்கும் இந்நிலைக்கு ஒரே ஆட்டத்தோடு அனுப்பிவிடும் போட்டி முறையும் ஒரு காரணம்.

நாக் அவுட் முறைக்கு ஆதரவாக உடனே எடுத்துக்காட்டப்படுவது குடகு. அந்த எடுத்துக்காட்டு மதிப்புக்குரியது. எனவே அதற்கு முறையாக விடை சொல்ல வேண்டும். 1997-இல் கரடா என்ற ஊரில் 60 குடும்பங்களுடன் தொடங்கிய கொடவக் குடும்பங்களின் ஹாக்கித் திருவிழா, 2024-இல் நாபோக்லுவில் நடந்தபோது 360 குடும்ப அணிகளைக் கண்டது. உலகில் வேறெங்கும் காணாத விரிவாக்கம் அது. முறை நாக் அவுட்தான். அங்கே அது பொருந்துகிறது. ஏனெனில் அந்த விழாவின் நோக்கம் குடும்பங்கள் ஒன்றுகூடுவது. பெரியவரும் சிறுவரும் பெண்களும் ஒரே அணியில் ஆடுவார்கள். தோற்ற குடும்பம் ஊரைவிட்டுப் போவதில்லை. மறுநாளும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும். வீடு ஜீப்பில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்காக அங்கே எவரும் இரண்டு இரவு ரயிலில் கழிப்பதில்லை. குடகிலிருந்து கற்க வேண்டியது நாக் அவுட்டை அன்று. போட்டியின் நோக்கம் எதுவோ அதற்கேற்ற வடிவத்தையும் இடத்தையும் தேர்ந்துகொண்ட அறிவையே கற்க வேண்டும்.

அண்மையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பையில் அணிகள் 16-இலிருந்து 24 ஆயின. அணிகள் கூடின என்பதற்காக ஆட்டங்களைக் குறைக்கவில்லை. நான்கு அணிகள் கொண்ட ஆறு பிரிவுகள். அணிக்கு மூன்று ஆட்டங்கள் உறுதி. பிரிவில் பின்தங்கியவர்களும் ஊர் திரும்பவில்லை. 24-ஆம் இடம்வரை தரவரிசை ஆட்டங்கள் ஆடினார்கள். மதுரையில் ஓமன் அணி இந்தியாவிடம் 17–0 என்று தோற்றது. நாக் அவுட்டாக இருந்திருந்தால் அந்த இளைஞர்கள் 17 கோல் நினைவை மட்டும் சுமந்துகொண்டு விமானம் ஏறியிருப்பார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர்களுக்கு ஆட்டங்கள் இருந்தன. தங்களுக்கு ஒத்த வலிமையுள்ள எதிரணிகளும் கிடைத்தன. பன்னாட்டுக் கூட்டமைப்பு ஓமனுக்குத் தரும் இந்த மரியாதையை, ஓர் இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி மிசோரமிலிருந்தோ கட்ச்சிலிருந்தோ வரும் அணிக்குத் தரத் தயங்குவது ஏன்?

மாற்று முறை இருக்கிறது. அதற்குப் புதுமை எதுவும் தேவையில்லை. அதே 64 அணிகளை நான்கு மையங்களுக்குப் பிரித்து அனுப்பலாம். மையத்துக்கு 16 அணிகள், நான்கு பிரிவுகள், பிரிவுக்கு நான்கு அணிகள். பிரிவுக்கு ஆறு ஆட்டங்கள் என்பதால் மையத்துக்கு 24. காலையில் மூன்று, பிற்பகலில் மூன்று என நாளொன்றுக்கு ஆறு ஆட்டங்கள் வைத்தால் நான்கு நாட்களில் முடியும். ஒரு நாளில் மூன்று பிரிவுகள் ஆடும். நான்காம் பிரிவு ஓய்வெடுக்கும். எனவே எந்த அணியும் ஒரு நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டியதில்லை. ஐந்தாம் நாள் பிரிவுகளில் முதலிடம் பெற்ற நான்கு அணிகளுக்கிடையே அரையிறுதி. ஆறாம் நாள் மைய இறுதி. நான்கு மையங்களின் வெற்றியாளர் நால்வரே மண்டலத்தின் நான்கு தகுதி அணிகள்.

இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்தால் உண்மை தெரியும். பழைய முறையில் 66 ஆட்டங்கள். ஒரே தரையில் நாளுக்கு ஆறு வீதம் நடத்தினால் நாக் அவுட்டுக்குப் 10 நாள், லீக்குக்கு 3 நாள், ஆக 13 நாட்கள். இரண்டு தரைகள் கிடைத்தாலும் 8 நாட்கள். புதிய முறையில் மொத்தம் 108 ஆட்டங்கள். ஆனால் 6 நாட்களில் எல்லாம் முடியும். ஆட்டங்கள் கூடுகின்றன, நாட்கள் குறைகின்றன, பயணத் தொலைவும் குறைகிறது. எந்த அணிக்கும் மூன்றுக்குக் குறைவான ஆட்டம் இல்லை. இரண்டாம் கோல்கீப்பருக்கும் ஒரு நாள் பேடு கட்டும் வாய்ப்பு வரும். இவ்வளவு எளிய கூட்டல் கழித்தலைச் செய்து பார்க்காமல், அணிகள் பெருகிவிட்டதால் நாக் அவுட் தவிர வேறு வழியில்லை என்று சொல்வது கணக்குக்கு முன்பே தீர்ப்பு எழுதுவது.

அடுத்தது இடம். இன்று போட்டியிடம் எப்படி அமைகிறது? நடத்த முன்வரும் பல்கலைக்கழகத்துக்குப் போட்டி ஒதுக்கப்படுகிறது. முன்வரும் நிறுவனத்திடம் விடுதி இருக்கலாம், விழா அரங்கு இருக்கலாம், துணைவேந்தரின் ஆர்வம் இருக்கலாம். செயற்கைப் புல்தரை இருக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலின் முதல் வரியாக இருப்பதில்லை. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. அதுவரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் பதக்கத்துடன் திரும்பிய இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. தரை மாறினால் ஆட்டமே மாறுகிறது என்பதற்கு அதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. மண்தரையில் பந்து துள்ளும். தடுத்து நிறுத்துவதே ஒரு கலை. டர்ஃபில் பந்து வழுக்கி ஓடும். ஓட்டமும் கூட்டுப் பாய்ச்சலும் அங்கே முதன்மை. மண்டலத்தை மண்ணில் நடத்தி, அங்கே வென்றவர்களை அகில இந்தியச் சுற்றுக்காக டர்ஃபில் இறக்குவது, கபடியில் தேர்ந்தவரை மல்யுத்தத்துக்கு அனுப்புவதைப் போன்றது.

தரை இல்லை என்ற சாக்கும் செல்லாது. கிழக்கே புவனேஸ்வரம், ரூர்கேலா, ராஞ்சி, சிம்டேகா. வடக்கே டெல்லி, ஜலந்தர், லூதியானா, ஷாஹாபாத். மேற்கே போபால், குவாலியர், மும்பை, புணே. தெற்கே பெங்களூரு, சென்னை, மதுரை, கோவில்பட்டி, கொல்லம். மண்டலத்துக்கு நான்கு டர்ஃப் ஊர்கள் தாராளமாகவே இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலான தரைகள் மாநில அரசுகளுடையவை அல்லது பொது நிறுவனங்களுடையவை, பல்கலைக்கழகங்களுடையவை சிலவே. ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: நடத்துநரையும் தரையையும் பிரிப்பது. விடுதி, உணவு, நடுவர், பதிவு ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்கட்டும். ஆட்டம் அருகிலுள்ள பொது டர்ஃபில் நடக்கட்டும். தன் வளாகத்தின் பெயர்ப்பலகைக்கு அடியில்தான் கோப்பை வழங்க வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தவிர இதற்குத் தடை எதுவும் இல்லை.

ஊரைத் தேர்வதில் இன்னொரு நோக்கமும் வேண்டும். ஆட்டத்தைப் பார்க்க ஆள் வேண்டும். தேர்வு முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போன வளாகத்தில், விடுதி காலியாக இருக்கிறது என்ற வசதிக்காகப் போட்டி நடத்தப்படும்போது, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பது அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் அணி மட்டுமே. சிம்டேகாவில் நிலைமை அப்படி இராது. இந்திய மகளிர் அணியின் தலைவரான சலீமா டேட்டேயை ஈன்ற மாவட்டம் அது. வயல் நடுவிலும் கோல் கம்பம் நட்டு ஆடும் மண். சன்சார்பூரை அடுத்த ஜலந்தரிலும், சுந்தர்கரின் ரூர்கேலாவிலும், கோவில்பட்டியிலும் ஹாக்கி தெரிந்த கண்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகப் போட்டி அந்த ஊர்களுக்குப் போனால், பல்கலைக்கழகம் என்ற சொல்லையே தொலைவில் கேட்டிருக்கும் பள்ளிப் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்ப்பார்கள். உயர்கல்விக்கு இதைவிட மலிவான, இதைவிட நேர்மையான விளம்பரம் கிடையாது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று இங்கே பயன்படும். அமெரிக்கக் கல்லூரி ஆடவரின் பனி ஹாக்கிப் போட்டி 2003-இல் 12 அணிகளிலிருந்து 16 ஆனது. தொடக்கச் சுற்றுகள் எந்த அணிக்கும் சொந்தமல்லாத நான்கு நகர அரங்குகளில் நடக்கின்றன; காலி இருக்கைகளைக் காட்டி, ஆட்டங்களைக் கல்லூரி வளாகங்களுக்கே திருப்ப வேண்டும் என்ற வாதம் அங்கே தொடர்கிறது. மகளிர் போட்டி 2022-இல் 8-இலிருந்து 11 அணிகளாக விரிந்தபோது, தொடக்கச் சுற்றுகள் தரவரிசையில் மேலே உள்ள அணிகளின் வளாகங்களிலேயே வைக்கப்பட்டன. அரங்கு நிறைகிறது, ஆனால் வலிய அணிக்கே வீட்டுத் திடலின் சாதகமும் சேர்கிறது. இந்தியாவுக்கு வேண்டியது இதன் தலைகீழ் வடிவம். பஞ்சாபின் வலிய பல்கலைக்கழக அணிகள் ஒன்றுக்கொன்று சில மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. அருகாமையை மட்டும் பார்த்தால் அவை அனைத்தும் ஒரே மையத்தில் மோதி ஒன்று மட்டுமே தேறும். ஆகவே சென்ற ஆண்டின் முதல் எட்டு அணிகளை மையத்துக்கு இரண்டாகப் பிரித்துத் தொலைவுக்கு அனுப்ப வேண்டும். எஞ்சியவை தமக்கு அருகிலுள்ள மையத்தில் ஆட வேண்டும். வசதியுள்ளவர் பயணம் செய்யட்டும். வசதியற்றவர் வீட்டருகே ஆடட்டும்.

எதிர்வாதங்களுக்கு வரலாம். முதலாவது, செலவு. ஓர் அணிக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி ரயில் கட்டணமும் பயண நாட்களின் படியும். அவை ஓர் ஆட்டத்துக்கும் மூன்று ஆட்டத்துக்கும் ஒன்றே. மையங்கள் நான்கானால் பெரும்பாலான அணிகளுக்குத் தொலைவு குறையும். மிச்சமாகும் தொகை கூடுதல் தங்கலுக்குப் பெரிதும் உதவும். நான்கு மையங்களுக்கு நடுவர்களும் தொழில்நுட்ப அலுவலர்களும் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. அதைச் சுமையாகக் கருத வேண்டியதில்லை. உடற்கல்வி முதுகலை மாணவர்களை நடுவர்களாகப் பயிற்றுவிக்க அதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்?

இரண்டாவது, வலுவற்ற அணிகள் பெரிய கோல் கணக்கில் தோற்று மனமுடையும் என்ற கவலை. நாக் அவுட்டிலும் அவை அப்படித்தான் தோற்கின்றன. தோற்று அன்றே வெளியேறுகின்றன. நான்கு அணிப் பிரிவில் வலிய எதிரணி ஒன்றோ இரண்டோ இருக்கும். தனக்கு நிகரான ஓர் அணியும் இருக்கும். ஆயினும் இந்தக் கவலையில் ஓர் உண்மை உண்டு. சமநிலையில் நிற்கும் அணிகளைக் கோல் வித்தியாசத்தால் பிரித்தால், வலியவர் எளியவர்மீது கோல்களைக் குவிக்கத் தூண்டப்படுவார்கள். மாணவர் போட்டியில் அது வேண்டாம். புள்ளிகள் சமமானால் அவ்விரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தின் முடிவையே முதலில் பார்க்கலாம். கோல் வித்தியாசம் அதற்கு அடுத்து வரட்டும். இவ்விதி போட்டி தொடங்கும் முன்பே அச்சாகி எல்லா மேலாளர்கள் கையிலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, லீக் முறையில் பயனற்ற ஆட்டங்கள் நேரும். கடைசி ஆட்டத்தில் இரு அணிகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யவும் இடமுண்டு. இது நியாயமான எச்சரிக்கை. இதற்குப் பெரிய போட்டிகள் கடைப்பிடிக்கும் மருந்து, பிரிவின் கடைசி இரு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்குவது. ஒரே டர்ஃப் உள்ள மையத்தில் அது இயலாது. அங்கே அடுத்தடுத்த நேரங்களில் நடத்தி, ஐயத்துக்கிடமான ஆட்டத்தை விசாரிக்கும் அதிகாரத்தைத் தொழில்நுட்பக் குழுவுக்குத் தரலாம். முழுமையான மருந்தன்று, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு சில ஆட்டங்களில் நேரக்கூடிய தவறுக்கு அஞ்சி, 32 அணிகளின் எஞ்சிய ஆட்டங்களை எல்லாம் பறிப்பது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும்.

நான்காவது, பெயர் கொடுத்துவிட்டு வராத அணிகள். நாக் அவுட்டில் எதிரணி வராவிட்டால் ஆடாமலே அடுத்த சுற்று. பிரிவு முறையில் வராத அணி மூன்று அணிகளின் ஆட்டங்களைக் கெடுக்கும். இதற்கு நுழைவுக் கட்டணத்தோடு திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகை ஒன்றையும், காரணமின்றி வராத பல்கலைக்கழகத்துக்கு அடுத்த ஆண்டு தடையையும் வைத்தால் போதும். பெயர் கொடுப்பதற்கு ஒரு விலை இருந்தால்தான் நுழைவுப் பட்டியலின் நீளத்துக்கும் ஒரு பொருள் இருக்கும்.

இவை அனைத்தும் மகளிர் போட்டிக்கும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். மகளிர் அணிகள் குறைவு என்பதால் அவர்களுக்குச் சுருக்கமான போட்டி போதும் என்ற எண்ணம் காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குகிறது. ஓர் ஆட்டத்துக்காக மூன்று நாள் பயணம் என்றால், மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் அனுப்பவே மாட்டார்கள். அருகிலுள்ள மையம், மூன்று ஆட்டங்கள் உறுதி, நல்ல விடுதி, உச்சிவெயிலில் தள்ளப்படாத ஆட்ட நேரம் என்றால் அணிகள் தாமே பெருகும். ஆடவர் முதன்மைத் தரையில், மகளிர் பக்கத்து மண்தரையில் என்ற ஏற்பாடு எங்கே நடந்தாலும் அந்தப் போட்டியின் அங்கீகாரமே கேள்விக்கு உள்ளாக வேண்டும்.

அகில இந்தியச் சுற்றுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 16 அணிகள், ஒரு பிரிவுக்கு மண்டலத்துக்கு ஒன்றாக நான்கு அணிகள். 2018-இல் புவனேஸ்வரத்தில் நடந்த உலகக் கோப்பையும் 16 அணிகளை நான்கு பிரிவுகளாக்கியே 36 ஆட்டங்களை நடத்தியது. அந்தச் சுற்றை ஆண்டுதோறும் ஊர்விட்டு ஊர் சுற்ற விடாமல், மூன்று ஆண்டுகளுக்கு ஒரே டர்ஃப் ஊரில் நிலைநிறுத்தினால் ஒரு மரபு வளரும். அந்த ஊரும் அதை எதிர்நோக்கத் தொடங்கும். மண்டல மையங்கள் பரவலாக இருக்கட்டும். இறுதிச் சுற்று வேரூன்றி நிற்கட்டும்.

பேராசிரியர்கள் இதை உடற்கல்வித் துறையின் சிக்கல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பாடத்திட்டத்தின் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் நாட்கணக்கில் வாதிடும் கல்விக்குழுக்கள், தங்கள் மாணவர் 20 பேர் ஒரு மணி நேரத்துக்காக மூன்று நாள் ரயிலில் செல்வதற்கான கோப்பில் வினாவின்றிக் கையொப்பமிடுகின்றன. அடுத்த பருவத்துக்கான பயணக் கோப்பு மேசைக்கு வரும்போது ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இந்த அணிக்கு எத்தனை ஆட்டங்கள் உறுதி? விடை ஒன்று என்றால், கோப்பைத் திருப்பி அனுப்பலாகாது. அது மாணவரைத் தண்டிப்பதாகும். கையொப்பமிட்டு, அதனுடன் ஒரு கடிதத்தையும் இணைத்து அனுப்ப வேண்டும். அணிகளை அனுப்பும் பல்கலைக்கழகங்கள் எழுத்தில் கேட்கத் தொடங்கும் நாளில் விதி மாறும். அதுவரை திப்ருகரிலிருந்து புறப்படும் அந்த இரண்டாம் கோல்கீப்பரின் பையில் பேடு மடித்தபடியே போகும், மடித்தபடியே திரும்பும்.